ஹேமார்க்கெட் சித்திரமும் வரலாற்று ஊகமும்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரும் நிகழ்ச்சிகள் பலவற்றை மக்கள் முதலில் கண்டது மரச்செதுக்குப் படங்கள் வழியாகவே. நிழற்படத்தை எழுத்துகளோடு சேர்த்து அச்சிடும் முறை அந்நூற்றாண்டின் இறுதியில்தான் பரவியது. அதுவரை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' போன்ற இதழ்கள் ஓவியரின் வரைபடத்தை மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்டன. பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளை இணைப்பர். ஒவ்வொன்றையும் வெவ்வேறு கைவினைஞர் செதுக்குவதும் உண்டு. சில பழைய படங்களில் காணப்படும் மெல்லிய நேர்கோடுகள் அந்த இணைப்புகளின் தடங்களே.

இத்தகைய படங்களைக் கொண்டு நிகழ்ச்சியை ஊகிப்பதில் உள்ள ஆபத்துக்கு, 1886 மே 15 நாளிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லியில் வெளிவந்த சிகாகோ ஹேமார்க்கெட் படம் தக்க சான்று. இதனை வரைந்தவர் சுவீடனில் பிறந்த தூரே டி துல்ஸ்ட்ரப். பிறர் அளித்த கோட்டோவியங்களையும் நிழற்படங்களையும் வைத்தே அவர் வரைந்தார். படத்தில் வண்டிமேல் நின்று ஒருவர் கையுயர்த்திப் பேசுகிறார். காவலர் நடுவே குண்டு வெடிக்கிறது. கூட்டத்தினரும் காவலரும் சுட்டுக்கொள்கின்றனர். யாவும் ஒரே கணத்தில் நடப்பதாகத் தோன்றும். ஆவேசப் பேச்சு கலவரத்தை மூட்டியது என்றே படத்தைப் பார்க்கும் எவரும் ஊகிப்பர்.

நடந்தது வேறு. எட்டு மணிநேர வேலை கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது, மே 3 அன்று காவலர் தொழிலாளரைச் சுட்டுக்கொன்றதைக் கண்டித்து மறுநாள் இரவு கூட்டம் கூடியது. மேயர் கார்ட்டர் ஹாரிசனே வந்து பார்த்து, அமைதியாக நடக்கிறது எனக் கூறிச் சென்றார். மழை அறிகுறியால் பலர் கலைந்து, சில நூறு பேரே எஞ்சினர். சாமுவேல் ஃபீல்டன் பேச்சை முடிக்கும் தறுவாயில் ஏறத்தாழ 175 காவலர்கள் வந்து கலையுமாறு ஆணையிட்டனர். கூட்டம் அமைதியானதே என்று கூறி அவர் வண்டியிலிருந்து இறங்கும் வேளையில்தான் குண்டு விழுந்தது. காவலர் சுடத் தொடங்கியது அதன் பின்னரே. 7 காவலர்களும் குறைந்தது 4 பொதுமக்களும் இறந்தனர். காவலர் சிலர் இருட்டில் சக காவலரின் தோட்டாக்களாலேயே தாக்குண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

சில நிமிட இடைவெளிதான். ஆனால் ஃபீல்டனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர் காவலரை நோக்கிச் சுட்டார் எனக் காவலர் சிலர் சாட்சியம் கூறினர், அவர் மறுத்தார். குற்றம் சாட்டப்பட்ட எண்மரில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் முந்தைய நாள் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். ஃபீல்டனுக்கும் மற்றொருவருக்கும் தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. 1893இல் இல்லினாய் ஆளுநர் ஜான் ஆல்ட்கெல்டு, விசாரணை நேர்மையற்றது எனக் கண்டு, சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் விடுவித்தார்.

அப்படியானால் படம் பயனற்றதா? அன்று. உடை, தெரு, காவலரின் அணிவகுப்பு ஆகியவற்றுக்கு அது ஓரளவு சான்றாகும். அதைவிட, வெளியூர் வாசகர் எதை நம்பினர் என்பதற்கு நல்ல சான்று. எது முன், எது பின் என்பதை மட்டும் அதனிடம் கேட்கலாகாது. அதற்குச் சாட்சியங்களையும் நாளேடுகளையும் ஒப்பிட வேண்டும். குண்டை எறிந்தவர் யார் என்பது இன்றளவும் உறுதியாகவில்லை.