பூர்விகம் என்னும் சொல்லும் அதன் அளவுகோல்களும்

நீலகிரி மலைவாழ் மக்களின் வழக்காறுகளைப் பற்றி முதுகலை மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வேட்டைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. செடிகொடிகளைக் கூறும் இயலில் ‘பூர்விகத் தாவரம்’ என்றும், மொழியைக் கூறும் இயலில் ‘பூர்விகச் சொல்’ என்றும், மக்களைக் கூறும் இயலில் ‘பூர்விகக் குடி’ என்றும் அவர் எழுதியிருந்தார். முடிவுரைக்கு வருங்கால் இம்மூன்றும் ஒன்றாகிவிட்டன. சொல் பழையது, ஆதலின் குடியும் பழையது, ஆதலின் நிலம் அக்குடிக்கே உரியது என்று வாதம் சென்றது. முடிவை மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயின் அம்முடிவுக்கு அவர் ஏறிச்சென்ற படிகள் ஒன்றோடொன்று பொருந்துவனவா என்னும் ஐயம் எழுந்தது. அவ்வையமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். (பூர்விகத்தைக் குறிக்க நாம் எடுத்தாளும் இச்சொல்லே ஒரு வடசொல் என்பதையும் இடையே நினைவிற் கொள்ளலாம்.)

நம் இலக்கணத்திலிருந்து தொடங்குவது முறை. தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கின்றார். இயற்சொல்லைப் ‘பூர்விகத் தமிழ்ச்சொல்’ எனப் பொருள் கொள்வார் இன்று பலர். நூற்பாவோ சொல்லின் பிறப்பை வினவவில்லை. செந்தமிழ் நிலத்து வழக்கில் நின்று, பொருள் மாறாது விளங்குவதே அங்குக் கூறப்படும் இலக்கணம். அளவுகோல் வழக்கேயன்றி வமிசமன்று. வடசொல்லுக்கும் அவ்வாறே எழுத்து அளவுகோலாகின்றது. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திவரின் அது செய்யுளுட் புகத் தடையில்லை.

செந்தமிழ் நிலத்தின் எல்லையும் நிலையாக நிற்கவில்லை. வையையாற்றின் வடக்கும், மருதயாற்றின் தெற்கும், கருவூரின் கிழக்கும், மருவூரின் மேற்கும் என உரையாசிரியர் வகுத்த எல்லையை எழுத்துக்கு எழுத்துக் கொண்டால், வையையின் தென்கரையிலுள்ள மதுரை மூதூரே வெளியே நின்றுவிடும். தமிழ் வளர்த்த மதுரையை வெளியே நிறுத்தும் எல்லை எத்தகையதென மாணவர் வினவின் நாம் சற்றே தடுமாற வேண்டியிருக்கும். திசைச்சொல்லும் இவ்வாறே விரிந்தது. தொல்காப்பியர் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தோடு நிறுத்தினார். நன்னூலாரோ பதினெண் நிலங்களுள் தமிழ் ஒழிந்த ஏனையவற்றையும் அதனுள் அடக்கினார். பெயர் மாறவில்லை, அதனால் குறிக்கப்படும் எல்லை மாறிவிட்டது. ஒரு சொல் ‘உள்ளூரது’ என்பது காலந்தோறும் ஒருவர் கோடு கிழித்துச் சொன்ன முடிவே என்பதற்கு இது நம் கையிலுள்ள பழஞ்சான்று.

தெலுங்கு இலக்கணத்தில் தற்சமம், தற்பவம், தேசியம், கிராமியம் என்னும் பாகுபாடு உண்டு. தேசியம் என்பது நாட்டுக்குரிய சொல். எல்லீசு துரை 1816இல் தெலுங்கு சமற்கிருதத்தினின்றும் பிறந்ததன்று என நிறுவியபோது இப்பாகுபாடு அவருக்குப் பெருந்துணையாயிற்று. ஆனால் அவர் செய்தது பழம்பெயருக்குப் புதுவேலை தந்ததாகும். தேசியச் சொற்களின் வேர்களைத் தமிழ், கன்னட வேர்களோடு ஒப்பிட்டு, ‘நாட்டுக்குரியது’ என்பதை ‘இன்ன குடும்பத்துக்குரியது’ என்னும் பொருளுக்கு மாற்றினார். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி நிற்பது இந்த அளவுகோலின்மேல்தான். இனமொழிகளில் ஒத்த சொல் உண்டா, ஒலிமாற்றம் விதிப்படி அமைகின்றதா என்பனவே அங்கு எழும் வினாக்கள். அச்சொல்லைப் பேசியவர் எந்த மலையில், எப்போது குடியேறினர் என்பதை அவ்வகராதியினிடம் கேட்டுப் பயனில்லை.

இனி நிலைத்திணையியல். ‘நேட்டிவ்’ என்னும் ஆங்கிலச்சொல் பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் அடியினின்றும் வந்தது. இடைக்கால இங்கிலாந்தின் சட்ட ஏடுகளில் அதன் இலத்தீன் வடிவம் பிறப்பால் பண்ணையடிமையானவனைக் குறித்தது. மண்ணுக்கு உரியவன் என்பதனினும் மண்ணால் கட்டுண்டவன் என்பதே அன்று அதன் பொருளாயிற்று. 1847இல் வாட்சன் என்னும் அறிஞர் பிரித்தானியத் தாவரங்களை வகைப்படுத்தத் தொடங்கியபோது, பூர்விகம், குடியுரிமை பெற்றது, குடியேறியது, அயலது என்றாற்போன்ற பெயர்களை இட்டார். இவற்றுட் சில மக்களைப் பற்றிய சட்டத்தினின்றும் கடன் கொண்டவை. செடியின் இலக்கணம் மனிதனின் சட்டத்திலிருந்து வந்தது என்பது பலர் மறந்த செய்தி. இன்று அதே இலக்கணத்தைச் செடியிலிருந்து மனிதனுக்குத் திருப்பி, அறிவியற் சான்று போலக் காட்டுவார் உளர்.

தாவரவியலார் கொள்ளும் அளவுகோல் மனிதக் கை. மனிதன் கொணராமல் தானே வந்ததாயின் பூர்விகம், கொணர்ந்ததாயின் அயலது. அயலவற்றுள்ளும் ஐரோப்பிய அறிஞர் கி.பி. 1500ஐ ஒட்டி ஒரு கோடு கிழித்து, அதற்கு முன் வந்தனவற்றைப் பழவரவு என்றும் பின் வந்தனவற்றைப் புதுவரவு என்றும் பிரிப்பர். கொலம்பசின் கடற்செலவை ஒட்டிய இக்கோடு ஆய்வுக்கு வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆத்திரேலியாவின் திங்கோ நாயை அங்குக் கொணர்ந்தவர் மனிதரே. அது நிகழ்ந்து 3000 ஆண்டுகளுக்கு மேலாயின. அதனைப் பூர்விக விலங்கு எனக் கொள்வாரும் கொள்ளாதாரும் இன்றும் உளர்.

நம் அடுக்களைக்கு வருவோம். மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்தது; போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டிற் பரவியது. ஆனால் அப்பெயரில் அடங்கிய மிளகு, காய் என்னும் இரண்டும் தமிழில் தொன்மையானவை. செடி அயலது, சொல் உள்நாட்டது. புளியின் நிலை இன்னும் சுவையானது. அராபியர் அதனை இந்தியப் பேரீச்சை என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இலின்னேயசு 1753இல் இட்ட தாவரப் பெயரிலும் இந்தியா உண்டு. தாவரவியலாரோ அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்பர். புளி என்னும் சொல்லுக்குத் திராவிட மொழிகள் பலவற்றில் இனச்சொற்கள் இருத்தலின் மரமும் இங்கேயே தோன்றியது என ஒருவர் வாதிடலாம். ஆனால் சுவையின் பெயர் மரத்துக்கு ஆகியிருக்கக் கூடுமன்றோ? பண்பாகுபெயர் அறிந்த தமிழாசிரியர் இவ்வாதத்தை அவ்வளவில் ஏற்கமாட்டார்.

மொழியியலில் வேறோர் அளவுகோல் புகுந்தது. புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட நூலில், ஒருவன் முதன்முதற் கற்ற மொழியே அவனுக்குப் பிறப்புமொழி எனக் கொண்டார். இங்கு நிலமும் குடிவழியும் அளவைகள் அல்ல. ஒரு வாழ்நாளில் எது முன், எது பின் என்பதே கணக்கு. பினாங்கில் பிறந்து தமிழை முதலிற் கற்ற குழந்தைக்கும் மதுரைக் குழந்தைக்கும் இவ்வளவையால் வேறுபாடில்லை. சோம்சுகி 1965இல் அம்மொழியாளனை ஒரு சீரான சமுதாயத்தின் இலட்சியப் பேச்சாளனாக உயர்த்தினார். அத்தகைய ஒருவனை எங்குக் காண்பது எனப் பின்வந்தோர் வினவினர்.

அரசியலில் இச்சொல் பட்ட பாடு தனி வரலாறு. ஆங்கிலேய ஆட்சியில் ‘நேட்டிவ்’ என்பது இழிவுக் குறிப்போடு வழங்கியது. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய இதழுக்குச் ‘சுதேசமித்திரன்’ என்று பெயரிட்டபோது அதே கருத்து தலைநிமிர்ந்து நின்றது.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடின் கவலையில்லை. சட்டத்தில் நில்லாது. பன்னாட்டுத் தொழிலமைப்பு 1957இலும், திருத்தமாக 1989இலும் தொல்குடிகளைப் பற்றிய உடன்படிக்கைகளை இயற்றியது. பின்னதில் ஒரு குடி தன்னைத் தொல்குடியாக உணர்தல் அடிப்படை அளவையாக ஏற்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2007 செப்டம்பர் 13 அன்று தொல்குடி உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியபோது 144 நாடுகள் ஆதரித்தன. 4 நாடுகள் எதிர்த்தன. இந்தியா ஆதரித்தது, ஆயினும் தன் மக்கள் அனைவருமே தொல்குடியினர் என்னும் நிலையிலிருந்து இறங்கவில்லை. நம் அரசியலமைப்பு தரும் பெயர் பட்டியற் பழங்குடி. அப்பட்டியலுக்கு 1965இல் லோகூர் குழு கொண்ட அளவைகள் தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலத்தால் ஒதுங்கியிருத்தல், பிறரோடு பழகக் கூசுதல், பின்தங்கிய நிலை என்பன. ‘முதலில் வந்தவர்’ என்பது அவற்றுள் இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் ஒரு நாளே அளவுகோலாகிவிட்டது. பட்டியற் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அப்பட்டியலிற் சேராத மரபுவழிக் காட்டுவாழ்நர்க்கோ அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்பது கணக்கு. ஆக 75 ஆண்டு.

மாணவர் எடுத்துக்கொண்ட நீலகிரிக்கு இவ்வளவுகோல்களை ஏற்றிப் பார்ப்போம். தோதவர் மொழியை எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிக் களத்திலேயே ஆராய்ந்தார். அது திராவிடக் குடும்பத்தது, கோத்தர் மொழிக்கு நெருங்கியது என்பது தெளிவு. ஆனால் அம்மக்கள் மலையேறிய காலத்தை அத்தெளிவு தாராது. படகர் நிலையோ ஆய்வாளரைத் திகைக்க வைப்பது. பெயரே வடக்கிலிருந்து வந்தோர் எனச் சொல்கின்றது. மொழி கன்னடத்துக்கு அணித்தானது. விசயநகரம் வீழ்ந்தபின் மைசூர்ப் பக்கத்தினின்றும் வந்தனர் என்பது பெரிதும் வழங்கும் கருத்து. 1603இல் மலைக்குச் சென்ற பினீசியோ என்னும் இயேசுசபைத் துறவி தோதவரோடு படகரையும் கண்டு எழுதினார். ரிவர்சு 1906இல் வெளியிட்ட தம் தோதவர் நூலில் அவ்வறிக்கையைச் சேர்த்துள்ளார். ஆகவே நானூறு ஆண்டு வாழ்க்கைக்கு எழுத்துச்சான்றே உண்டு. வன உரிமைச் சட்டம் கேட்கும் 75 ஆண்டைப்போல ஐந்து மடங்கு அது. தாவரவியலாரின் 1500ஐ வைத்து அளந்தால் இவர்கள் புதுவரவு! பட்டியற் பழங்குடிகளுள் இவர்கள் இல்லை. வேண்டுகோள் மட்டும் நெடுங்காலமாக உண்டு. ஒரே மக்கள் ஒரு கோலுக்குப் பழையர், மற்றொன்றுக்குப் புதியர்.

மரபணு ஆய்வு இவ்வழக்கைத் தீர்த்துவிடும் எனச் சிலர் நம்புகின்றனர். 2009இல் வெளிவந்த ஆய்வு இந்திய மக்களுட் பெரும்பாலோர் இரு மூதாதைக் கூட்டங்களின் வெவ்வேறளவு கலப்பென்றது. கலப்பின் விழுக்காட்டை அது காட்டும். எவ்விழுக்காட்டிற்கு மேல் ஒருவர் பூர்விகர் எனக் காட்டாது.

ஆய்வேட்டை மாணவரிடம் திருப்பித் தந்தபோது, சொற்பட்டியலை முடிவுரையினின்றும் நீக்குமாறு சொன்னேன், சற்று வருந்தினார். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் சான்றாக ஏற்கத்தக்கன எவை எனப் பதின்மூன்றாம் விதி கூறுகின்றது. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், குடிவழிப் பட்டியல், முதியோர் சொல்லக்கேட்டு எழுதிய வாக்குமூலம் என்பன அதனுள் வருகின்றன. மதிப்புடைய நிறுவனங்கள் வழக்காறுகளை ஆராய்ந்து எழுதிய ஆவணங்களும் அங்கு இடம் பெறுகின்றன. அவருடைய ஏட்டின் பின்னிணைப்பில், கிழவியர் மூவர் தத்தம் பாட்டன்மாரின் இடுகாடுகளை இடப்பெயரோடு சொல்லிய பக்கங்கள் பதினொன்று இருந்தன. சொன்னவர் பெயரும், கேட்ட நாளும், இடமும் குறித்து அவற்றை முன்னே கொண்டுவந்து ஓர் இயலாக்குமாறு வேண்டினேன்.