ஓட்டு ஒரு பக்கம், ஓநாய் மறுபக்கம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் கொலராடோ என்றொரு மாநிலம். அங்கே வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர், "ஐயா, இங்கே ஓநாய் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள், இன்னும் சண்டை ஓயவில்லை" என்று சொன்னதிலிருந்து அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நகரத்தார் நல்லவர்கள், கிராமத்தார் கொடியவர்கள் என்றோ, அதற்கு நேர்மாறாகவோ எழுதித் தள்ளுகிறார்கள். வரலாறு அப்படி இல்லை.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். மாநிலத்தின் நடுவே ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் முகட்டுக்குக் கிழக்கே பெய்யும் மழை அட்லாண்டிக் பக்கம் போகும். மேற்கே பெய்வது பசிபிக் பக்கம். டென்வர், போல்டர் போன்ற நகரங்கள் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. மக்களில் மிகப் பெரும்பாலோர் அங்கேதான். மேற்கே மலை, காடு, புல்வெளி, மாட்டுப் பண்ணைகள்.

2020 நவம்பரில் அதிபர் தேர்தலோடு சேர்த்து 114ஆம் முன்மொழிவு என்ற வாக்கெடுப்பும் நடந்தது. 2023 முடிவதற்குள் ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டும், கால்நடை இழப்புக்கு நியாயமான ஈடு தர வேண்டும் என்பது அதன் சாரம். எங்கே விடுவது? மலைமுகட்டுக்கு மேற்கே மட்டும். ஆம் என்றவர்கள் 50.9 சதவீதம். முப்பது லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்த இடத்தில் வித்தியாசம் சுமார் 57,000. மாநிலத்தின் 64 மாவட்டங்களில் 13 மட்டுமே ஆதரித்தன. ஓட்டு ஒரு பக்கம், ஓநாய் மறுபக்கம் என்று மேற்குப் பண்ணைக்காரர்கள் கொதித்ததில் வியப்பில்லை. வனவிலங்குக்குப் பொறுப்பான மாநில ஆணையமே 2016இல் இந்த யோசனை வேண்டாம் என்றுதான் தீர்மானித்திருந்தது. அந்தக் கதவு சாத்தப்பட்டதால்தான் ஆர்வலர்கள் கையெழுத்து வாங்கி, நேராக வாக்காளரிடம் போனார்கள்.

இதுவரை கேட்டால் கிராமத்தின் பக்கம் சாயத் தோன்றும். நூறு ஆண்டு பின்னால் போவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காட்டெருமைகளை லட்சக்கணக்கில் சுட்டுத் தீர்த்தார்கள். எல்க் மான்களும் குறைந்தன. அந்த இடத்தில் மாடும் ஆடும் வந்தன. இரை போன ஓநாய் வேறு எதைத் தின்னும்? கன்றைப் பிடித்தது. செத்த மாட்டின் உடலில் ஸ்ட்ரிக்னின் விஷத்தைத் தடவிப் போட்டார்கள். ஓநாய் தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைத்தார்கள். அதுவும் போதாமல் 1915இல் அமெரிக்க நாடாளுமன்றமே பணம் ஒதுக்கியது. அரசுச் சம்பளம் வாங்கும் வேட்டைக்காரர்கள் மேற்கு மாநிலங்களில் இறங்கினார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலேயே 1926இல் கடைசி ஓநாய்களைக் கொன்றார்கள். கொலராடோவில் 1940களில் கதை முடிந்தது.

அந்தச் சம்பளம் யார் பணம்? டென்வர்க்காரரும் நியூயார்க்காரரும் கட்டிய வரி. அதாவது ஓநாயை ஒழித்த செலவையும் ஊர் கூடித்தான் சுமந்தது. லாபம் மட்டும் பண்ணைக்குப் போனது. "எங்கள் நிலத்தில் தலையிடாதே" என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேற்கில் மாடு மேயும் இடத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் பொது நிலம். வாக்கெடுப்பு நடந்த ஆண்டில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயக் கட்டணம் 1.35 டாலர். (ஒரு காப்பி விலைகூட இல்லை.) அந்த நிலமும் யூட் பழங்குடியினருடையது. 1881இல் அவர்களில் பெரும்பாலோரை அங்கிருந்து வெளியேற்றிய பிறகு வந்தவைதான் இந்தப் பண்ணைகள். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

காலம் மாறியது. 1973இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. மறு ஆண்டே ஓநாய் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களை யெல்லோஸ்டோனில் விட்டார்கள். அவை பெருகின. ஆனால் அந்த முடிவு மத்திய அரசின் முடிவு. மக்கள் வாக்கால் ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்த முதல் மாநிலம் கொலராடோதான். அக்கம்பக்கத்து மாநிலங்கள் ஓநாய் தர மறுத்தன. கடைசியில் ஓரிகன் பத்து தந்தது. 2023 டிசம்பர் 18இல் முதல் ஐந்தைத் திறந்துவிட்டபோது ஆளுநர் ஜாரெட் போலிஸ் உடனிருந்தார். பிறகு ஒரு செய்தி வெளிவந்தது: வந்தவற்றில் சில, ஓரிகனில் ஏற்கெனவே கால்நடையை அடித்த கூட்டங்களைச் சேர்ந்தவை. இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? என்னைக் கேட்டால், வாக்கெடுப்பு செய்த காயத்தைவிட இது செய்த காயம் பெரிது.

2024 ஏப்ரலில் முதல் கன்று போனது. ஈடு உண்டே என்று நகரத்தில் இருப்பவர் நினைக்கலாம். அது எப்படி நடக்கிறது தெரியுமா? செத்த கன்றின் தோலை உரித்துப் பார்ப்பார்கள். பல் பட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருந்தபோது கடித்தது என்று பொருள். ரத்தக்கட்டு இல்லையென்றால், செத்த பின் ஏதோ வந்து தின்றது. ஆயிரக்கணக்கான ஏக்கர் மலையில் நாலு நாள் கழித்துக் கிடைக்கும் எலும்பில் எந்த ரத்தக்கட்டைத் தேடுவது? உடலே கிடைக்காத கன்றுக்கு என்ன கணக்கு? பயந்த மந்தை சரியாக மேயாது. கன்றின் எடை குறையும், பசு சினை பிடிப்பதும் குறையும். ஒரு விலங்குக்கு 15,000 டாலர் வரை தரலாம் என்று விதி இருந்தாலும், பண்ணைக்காரர் வாதாடிப் பெற வேண்டியிருப்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத இழப்புக்குத்தான். 2025 மார்ச்சில் இரண்டு பண்ணைகளுக்கு மட்டும் சுமார் 3,43,000 டாலர் தர ஆணையம் ஒப்புக்கொண்டது. ஈட்டுக்கென மாநிலம் ஓர் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகையே 3,50,000தான்.

பணத்தை வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள் என்று நினைக்காதீர்கள். பிரசவ நேரத்தில் ராத்திரி முழுக்கக் கொட்டிலில் உட்கார்ந்து இழுத்தெடுத்த கன்று, அவர்களுக்கு வெறும் விலைச்சீட்டு இல்லை. கால்நடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது குதிரையில் மந்தையைச் சுற்றிவரும் காவலாட்களுக்கு மாநிலம் சம்பளம் தருகிறது. வேலியில் கயிறு கட்டிச் சிவப்புத் துணித் துண்டுகளைத் தொங்கவிடுகிறார்கள். ஓநாய் கொஞ்ச காலம் மிரளும், பிறகு பழகிவிடும். 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து இன்னும் 15 வந்தன. மாடுகளை அடித்ததற்காக முந்தைய ஆண்டு பிடித்து வைத்திருந்த ஒரு குடும்பத்தையும் அப்போதே பிட்கின் மாவட்டத்தில் விட்டார்கள். ஆஸ்பென் என்ற பணக்காரப் பனிச்சறுக்கு நகரம் இருக்கும் மாவட்டம் அது. 2020இல் ஓநாய்க்கு ஆம் என்று வாக்களித்த மேற்குப் பக்கத்துச் சில மாவட்டங்களில் ஒன்று. மே மாதம் அங்கேயும் மாடுகள் செத்தன. மாத இறுதியில் அந்தக் குடும்பத்து இளம் ஓநாய் ஒன்றை வனவிலங்குத் துறையே சுட்டது. ஓநாயைக் கொண்டுவந்து விட்டதும் அதே துறைதான்.