வாக்குமூலமும் இருளும்: நகுலனின் எழுத்துலகம்

தீப்பெட்டித் தொழிலின் பின்னே அச்சுத்தொழில் வளர்ந்த மண் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழிலுக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சுப்பொறிகள் பின்னர் நாட்காட்டிகளையும் டைரிகளையும் நாடெங்கும் அனுப்பின. அச்சகம் அண்மையில் இருப்பதனால், கைப்பொருளைச் செலவிட்டுத் தம் கவிதைகளைத் தாமே நூலாக்குவது விருதுநகர் வட்டாரக் கவிஞர்க்குப் புதிதன்று. அத்தகைய தொகுப்புகளில் 'நான்' என்னும் குரல் ஓங்கி ஒலிப்பதும் இயல்பே. தன்னைத் தானே பதிப்பித்தல், தன்னையே பாடுபொருளாக்கல் ஆகிய இவ்விரண்டிலும் தமிழ்க் கவிஞர் கற்றுக்கொள்ள வேண்டிய முன்னோடி ஒருவர் உண்டு. அவர் நகுலன்.

டி. கே. துரைசாமி என்பது அவரது இயற்பெயர். கும்பகோணத்தில் 1921ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே திருவனந்தபுரம் சென்று, அங்கே மார் இவானியோஸ் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் பணியாற்றி, 2007ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரிலேயே மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரும் பத்திரிகைகளின் ஆதரவும் பரந்த வாசகர் கூட்டமும் அவருக்கு வாய்க்கவில்லை. சிற்றிதழ்களே அவரது களம். பல நூல்களைச் சொந்தச் செலவிலேயே அச்சேற்றினார். 1968இல் அவர் தொகுத்து வெளியிட்ட 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகைநூல் சிறுபத்திரிகை இயக்கத்தின் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

நகுலன் எழுதிய இதழ்களுள் தலையாயது சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து'. அது 1959 ஜனவரியில் தோன்றியது. அதே 1959இல் அமெரிக்காவில் ராபர்ட் லோவலின் 'லைஃப் ஸ்டடீஸ்' வெளிவந்தது. தம் குடும்பத்தையும் மனநோயையும் மறைக்காமல் லோவல் கவிதையாக்கியது கண்டு, எம். எல். ரோசந்தால் என்னும் திறனாய்வாளர் அதனை 'வாக்குமூலம்' என்னும் பொருளில் சுட்டினார். பின்னர் சில்வியா பிளாத், ஆன் செக்ஸ்டன் ஆகியோரும் அவ்வகையில் வைத்து எண்ணப்பட்டனர்.

எனினும் தன் குறையைத் தானே உரைத்தல் தமிழுக்கு மேலைநாடு தந்த கொடை அன்று. மாணிக்கவாசகர், பட்டினத்தார், தாயுமானவர் ஆகியோர் தம் இழிவைத் தாமே எடுத்துரைத்தவர்களே. ஆயின் அவர்தம் குரலைக் கேட்க ஓர் இறைவன் இருந்தான். சொல்லி முடித்தபின் அருள் கிடைக்கும் என்ற உறுதியும் இருந்தது. நகுலனின் கவிதைகளில் அந்தக் கேட்போன் இல்லை. 'மூன்று', 'ஐந்து', 'கோட் ஸ்டாண்ட் கவிதைகள்' முதலிய தொகுப்புகளில் தனிமையும் முதுமையும் சாவும் பேசப்படுகின்றன; மன்னிப்பு எங்கும் வேண்டப்படவில்லை.

லோவலினின்றும் அவர் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. லோவல் தம் வீட்டாரை வெளிப்படையாகவே எழுதினார். நகுலனோ தம்மையே 'நவீனன்' என்னும் இன்னொருவனாக ஆக்கிக்கொண்டார். எட்டாத அன்பிற்குச் 'சுசீலா' எனப் பெயரிட்டார். இவ்விருவரும் கவிதையிலிருந்து நாவலுக்கும், ஒரு நாவலிலிருந்து மற்றொன்றுக்கும் நடமாடுகின்றனர். இதனை ஒளிந்துகொள்ளும் உத்தியாகக் கருதுதல் பிழை. தன்னைப் பிறனாக நிறுத்தினாலன்றித் தன்னைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. இரக்கம் தேடாத வாக்குமூலம் அவ்விசாரணையில்தான் பிறக்கிறது.

அவரது புனைகதைகளின் இருளும் அங்கிருந்தே வருவதாகும். 'நிழல்கள்' 1965இலும், 'நினைவுப்பாதை' 1972இலும், 'நாய்கள்' 1974இலும், 'நவீனன் டைரி' 1978இலும் வெளிவந்தன. இவற்றில் பேயும் இல்லை, கொலையும் இல்லை. எழுதுகிறவனின் மனம் தன் பிடியை இழக்கும் கணங்களே இவற்றின் அச்சம். 1992இல் வந்த நாவலுக்கு அவர் 'வாக்குமூலம்' என்றே பெயர் சூட்டினார். முதியோர் விரும்பிச் சாவதை அரசே சட்டமாக்கினால் என்ன ஆகும் என்ற கற்பனை அதில் விரிகிறது. தனிமனிதனின் அந்தரங்கமும் அரசின் ஆணையும் அங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. கவிதையில் ஒரு வரியாக நின்ற கேள்வி நாவலில் ஒரு வாழ்வாக நீண்டது எனலாம்.

இவ்வெழுத்தில் உழைக்கும் மக்கள் எங்கே என்ற வினா விருதுநகர் மாவட்டத்தில் எழுதல் நியாயமே. 2008ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற மேலாண்மை பொன்னுச்சாமி, கரிசல் மண்ணின் உழைப்பாளரையே தம் கதைகளில் நிறுத்தியவர். அவ்வழியில் வந்தோர்க்கு நகுலனின் அறை குறுகலாகத் தோன்றும். அக்குறை உண்மை, அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடம் ஒன்று இம்மண்ணிலேயே இருக்கிறது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிபட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் நேர்ந்துள்ளன, இரங்கற்பாக்களும் எழுதப்பட்டுள்ளன. இரங்கற்பாவில் ஆலையும் விதியும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். பாடுகிறவர் சாட்சியாக ஒதுங்கி நிற்பார். அத்தொழில் கொண்டுவரும் பணம் புழங்கும் ஊரில் தாமும் வாழ்கிறோம், தம் வீட்டுத் தீபாவளிக்கும் அந்தக் கைகளே மருந்து இடித்தன என்பதைச் சொல்லத் துணியும் கவிதையே வாக்குமூலம் என்னும் பெயருக்கு உரியது. நகுலன் பட்டாசைப் பற்றி எழுதியவர் அல்லர். கூண்டில் முதலில் ஏற வேண்டியவர் எழுதுகிறவரே என்பதை எழுதிக் காட்டியவர். விற்பனையை எண்ணாது தம் நூலைத் தாமே வெளியிடும் கவிஞர்க்கு இந்தத் துணிவு எட்டாதது அன்று. யாருடைய இசைவுக்கும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?