சூலை முதல் ரத்தக்குழாய் வரை

பண்ருட்டியில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு, திருவதிகை என்றாலே வயிற்று நோயும் ஒரு சகோதரியின் பரிவும்தான் நினைவுக்கு வரும். 7ஆம் நூற்றாண்டில் தமிழகத்துப் பாடலிபுத்திரத்தில் சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், இங்கே அக்கா திலகவதியாரைத் தேடி வந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானேசுவரரைப் பாடிக் குணமானார் என்கிறது பெரியபுராணம்.

குடல் நோய்க்கு நவீன வைத்தியம் தேடிய வரலாற்றிலும் ஒரு சகோதரி உண்டு. தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்திலிருந்தே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார்.

ஆனால் புற்றுநோய்க்கு மருந்து இருந்தும் அது கட்டிக்குள் போய்ச் சேர்வது எளிதாக இல்லை. புதிய ரத்தக்குழாய்கள் இல்லாமல் கட்டி வளராது என்று 1971இல் ஆய்வாளர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அந்தக் குழாய்களோ கோணலானவை, கசிபவை. கரை உடைந்த வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததுபோல, மருந்தும் கட்டியின் உட்பகுதியை எட்டுவதில்லை. கசிந்த நீரால் உள்ளே அழுத்தமும் ஏறிவிடுகிறது.

குழாய்களை முற்றிலும் அழிக்காமல் சீராக்கினால் மருந்து உள்ளே செல்லும் என்று 2001இல் சொன்னவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராகேஷ் ஜெயின். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப், மலக்குடல் கட்டிகளில் அந்த அழுத்தத்தைக் குறைப்பதை 2004இல் அவர் குழு நோயாளிகளிடமே கண்டது. அதே ஆண்டு வெளியான பெரிய ஆய்வில், பரவிய குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் இம்மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை (median) ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக நீண்டது.

ஏறக்குறைய ஐந்து மாதம் சிறிதல்ல; ஆனால் நோய் பரவும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் அறுவை சிகிச்சையே பலரைக் காப்பாற்றிவிடும்.