எண்குறியும் அளவைநூலும்

நெடுஞ்சொல்லைச் சுருக்கி ஒரு குறியுள் அடக்குதல் மேனாட்டார் கண்ட புதுநெறி என்பாருளர். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு என்பவர் அச்சிட்டது 1557இல். செருமானியராகிய பிரேகே அளவையியலுக்கெனத் தனிக் குறியெழுத்து வகுத்தது 1879இல். இவை மெய்யே. ஆயினும் நம் கணக்கர் குறிவழக்கு இவற்றினும் மிகப் பழையது.

பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றிற்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் உள. 347 என்பதனை ௩௱௪௰௭ என்றும், 307 என்பதனை ௩௱௭ என்றும் எழுதுப. பின்னதில் பத்தின் குறி இல்லாமையே அவ்விடம் வெறிது என உணர்த்துதலின், இம்முறைக்குச் சுழி வேண்டாதாயிற்று. நாள், மாதம், வருடம், மேற்படி என்பனவும் ௳, ௴, ௵, ௸ என ஒவ்வொரு குறியில் அடங்கின.

கீழ்வாயிலக்கம் இதனினும் வியத்தற்குரியது. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. (முந்திரி என்றால் இக்காலப் பிள்ளைகள் கொட்டையையே நினைப்பர்.) அதனினும் நுண்ணிய அளவு வேண்டுழிப் புதுப்பெயர் தேடாது, 'கீழ்' என்னும் ஒரு சொல்லை முன்னிறுத்தினர். கீழ் என்றவழி அவ்வளவை மீண்டும் 320ஆல் வகுக்க. ஆகவே கீழ்முந்திரி 1/102400 ஆம். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள், வேலி நிலத்தை இங்ஙனம் கீழின்கீழாகப் பகுத்துக் காட்டுகின்றன.

இனி, எண்ணிற்குக் குறி கண்ட நம்மவர் அளவைநூலில் அது செய்யாமை என்னை? யவனராகிய அரிஸ்டாட்டில் பொருள் நிற்குமிடத்து எழுத்தை நிறுத்தி வாதித்தனர். நம்மவர்க்கு அவ்வுத்தி தெரியாது என்றல் பொருந்தாது; பாணினியார் உயிரெழுத்து முழுவதையும் 'அச்' என அடக்கினமை யாவரும் அறிவர். காரணம் வேறென்பது எம் கருத்து. இம்மலை நெருப்புடைத்து என்பது மேற்கோள். புகையுடைமையான் என்பது ஏது. அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. வாதியும் பிரதிவாதியும் கண்டறிந்த ஒரு பொருளை எடுத்துக்காட்டு வேண்டி நிற்கும். வெற்றெழுத்தைக் காட்டி 'இதுபோல' எனல் யாங்ஙனம்? நெய்வேலிக்குத் தென்மேற்கே, திருப்பெண்ணாகடத்து அவதரித்தவராகக் கூறப்படும் மெய்கண்டதேவர், பன்னிரு சூத்திரத்தை நாற்பது அடிகளுள் அடக்கியும், மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றனுள் ஒன்றையும் விட்டிலர். சுருக்கம் சொல்லில் நிகழ்ந்தது. பொருள் குறியாக மாறவில்லை.

ஏடு பார்த்தெழுதுவோர்க்கு இவ்வாராய்ச்சி வீண்வேலை அன்று. ஒன்றின் குறி ககரத்தையும், இரண்டின் குறி உகரத்தையும், பத்தின் குறி யகரத்தையும் ஒத்தன. கால் என்னும் பின்னக்குறியோ வகரமே போலும். செய்யுளெண்ணை எழுத்தென மயங்கிச் செய்யுளோடு சேர்த்தால் ஓர் அசை மிகும். ஈற்றெழுத்தை எண்ணென மயங்கினால் ஓர் அசை குறையும். குற்றெகரத்திற்குப் புள்ளியிடாத ஏட்டில் 'எது' என்பதும் 'ஏது' என்பதும் ஒரு வடிவினவாதலின், வினாவோ காரணமோ என்பதை இடம் நோக்கியே தெளிதல் வேண்டும்.

இக்குறிகளை அச்சிடுவதற்கு அச்சுக்கோப்போரிடம் எழுத்தில்லை என்னும் குறை பன்னாள் இருந்தது. 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிக்கோடு 12ஆம் பதிப்பு, கீழ்வாயிலக்கம் முதலாகத் தமிழ்க் குறிகள் 51ஐக் கணினிக்கு ஏற்றுக்கொண்டது. ஆதலின் இனிச் சுவடி பதிப்போர், கணக்குக் குறி வருமிடத்து இக்கால எண்ணை மட்டும் இட்டு அமையாது, ஏட்டிற் கண்ட குறியையும் உடன் பொறித்தல் இயலும்.