கைவிலங்கு விற்று வாங்கிய அரிச்சுவடி

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், 'யூபிலி' என்னும் சொல்லின் பொருளை நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து. ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடி, அடிமைப்பட்டோரை விடுவித்துத் தம் குடும்பத்தாரிடம் திரும்பச் செய்ய வேண்டும் என்பது லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கூறும் கட்டளையாகும். இச்சொல்லையே தம் பெயராகச் சூடிக்கொண்ட ஒரு மாணவர் குழுவின் வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விரும்புகின்றோம். அவர்கள் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மாணவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், அமெரிக்க மிஷனெரி சங்கத்தார் ஃபிஸ்க் கல்விக்கூடத்தைத் தொடங்கினர். படைவீரர் மருத்துவமனையாக இருந்த மரக்கொட்டகைகளே அதன் வகுப்பறைகள். அந்நகரின் அடிமைக் கொட்டடியில் கிடந்த கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் வேதப்புத்தகங்களும் அரிச்சுவடிகளும் வாங்கினர் என்பது அக்கல்விக்கூடத்தின் வரலாற்றில் காணும் செய்தி.

இரும்பு விலங்கை விற்றுவிடலாம். நெஞ்சில் கிடக்கும் விலங்கை என் செய்வது? அங்குப் பயின்ற எல்லா ஷெப்பர்டு என்னும் மாணவியின் வாழ்வே இக்கேள்விக்குச் சான்று. 1851இல் அடிமைத் தாய்க்குப் பிறந்த அவரை, மழலைப் பருவத்திலேயே தம் தாயை வேவு பார்க்குமாறு எஜமானி பழக்கினாள். அது கண்டு உள்ளம் உடைந்த தாய், குழந்தையோடு ஆற்றில் மூழ்கி மடியத் துணிந்தாள். வழியில் ஒரு முதிய அடிமைப் பெண் தடுத்து, இக்குழந்தையைக் கொண்டு ஆண்டவர் ஆற்றவிருக்கும் பணி ஒன்றுண்டு என்று தேற்றித் திருப்பி அனுப்பினாள். பின்னர்த் தந்தை விலை கொடுத்து மகளை மீட்டார். தாயை விற்க எஜமானர் இசையவில்லை. இவ்வாறு பிரிந்த தாயும் மகளும் அடிமைமுறை ஒழிந்த பின்னரே ஒன்று சேர்ந்தனர்.

1871இல் ஃபிஸ்க் கல்விக்கூடம் கடனில் மூழ்கியது. அதன் பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட், பாடகர் குழுவை ஊர் ஊராக அழைத்துச் சென்று நிதி திரட்ட முனைந்தார். ஆயினும் மாணவர்கள், வயலிலும் இரகசிய செபக் கூட்டங்களிலும் தம் பெற்றோர் பாடிய பாடல்களை மேடையேற்றத் தயங்கினர். அவை அடிமை வாழ்வோடும் இருண்ட காலத்தோடும் பிணைந்தவை, மறக்கப்பட வேண்டியவை என அவர்கள் கருதினர்; அதே வேளையில் அவை தம் பெற்றோர்க்குப் புனிதமானவை என்றும் உணர்ந்திருந்தனர். இதனை எல்லா ஷெப்பர்டே பிற்காலத்தில் எழுதியுள்ளார். எனவே முதலில் கதவை அடைத்து, தரையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில், தமக்குள்ளேயே அப்பாடல்களைப் பாடிப் பழகினர். ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்றனர்.

1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது பாடகர்கள் புறப்பட்டனர். பல விடுதிகள் அவர்கட்கு இடமளிக்க மறுத்தன. தொடக்கத்தில் பாடிய ஐரோப்பியப் பாடல்கள் அவையோரைக் கவரவில்லை. நவம்பரில் ஓபர்லின் நகரில் கூடிய திருச்சபைப் பேரவையின்முன் அவர்கள் தம் முன்னோரின் பாடலை மெல்லத் தொடங்கினர். சலசலத்துக்கொண்டிருந்த அவை அடங்கிச் செவிசாய்த்தது. 'யூபிலிப் பாடகர்' என்னும் பெயர் அப்பயணத்திலேயே அமைந்தது. 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியார் முன்னிலையிலும் பாடினர். ஏழாண்டுகளில் அவர்கள் ஈட்டிய நிதி ஏறத்தாழ 1,50,000 டாலர். 1876இல் திறக்கப்பட்ட யூபிலி மண்டபம் அவ்வுழைப்பின் சின்னமாக இன்றும் நிற்கின்றது.

இவ்வரலாற்றில் விசுவாசத்தின் பங்கு யாது? அடிமைகள் எஜமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் வசனத்தையே எஜமானர்கள் மீண்டும் மீண்டும் போதிக்கச் செய்தனர். அடிமைகளோ அதே வேதத்தில் எகிப்தினின்று மீண்ட மக்களைக் கண்டனர். தம் கூக்குரலைக் கேட்கும் கடவுளைக் கண்டனர். அவர்தம் விசுவாசம் துன்பத்தை மறக்கச் சொல்லவில்லை. அதனை எவரிடம் முறையிடலாம் என்பதைக் காட்டியது. அதனாற்றான் வெட்கமாகக் கருதப்பட்ட நினைவு பாட்டாயிற்று. ஆனால் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட நாட்டில் விடுதிக் கதவுகள் அடைபட்டே இருந்தன என்பதையும் மறத்தல் ஆகாது. உள்ளத்தின் ஆறுதல் வேறு, உரிமை வேறு. இரண்டும் வேண்டும்.

நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். தெருவில் எவனோ சொல்லும் ஒரு சொல், தேநீர்க் கடையில் தனியே வைத்த ஒரு குவளை, ஆலயத்திலேயே ஒதுக்கப்பட்ட இருக்கை, கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர் இவற்றுள் ஒன்று நினைவிற்கு வந்தாலும் நம் உடல் நடுங்குகின்றது, நா எழ மறுக்கின்றது. இது கோழைத்தனமன்று, ஆறாத புண் தொட்டால் வலிக்கும். இந்நினைவுகளைப் பிள்ளைகளிடம் சொல்லாது மறைக்கும் பெரியோரும், பாட்டியின் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் கேட்டு நாணும் இளைஞரும் நம்மிடையே உளர்.

எவரையும் வலிந்து பேச வைத்தல் கூடாது. ஃபிஸ்க் மாணவர் செய்தவாறு, முதலில் நம்பிக்கைக்குரிய சிலர் நடுவே, செபத்தோடு, தாழ்ந்த குரலில் தொடங்கலாம். முதியோர் சொல்லட்டும், இளையோர் குறுக்கிடாது கேட்கட்டும், பாடல்களைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். மேடையேறுவதா என்பதைப் பிறகு அவர்களே முடிவு செய்யட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இச்சங்கம், இனி அவர்தம் பாட்டன் பாட்டியர் பட்டதையும் பாடியதையும் கேட்டுப் பதிவு செய்யும் பணியை மேற்கொள்ளுமாயின், அதுவே இவ்விழாவிற்கு ஏற்ற காணிக்கையாகும்.