குடியம் குகை: உறைவிடமா, கல்மூலமா?

டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதி. அதே மாவட்டத்தின் உட்பகுதியில், பூண்டியை அடுத்த அல்லிகுழி மலைகளில் அமைந்துள்ளது குடியம் குகை. கடலோரக் கோட்டை மனிதர் கட்டியது. இக்குகையோ எவரும் குடையாதது. குவார்ட்சைட் கூழாங்கற்கள் மணலோடு இறுகி உருவான திரள்பாறை இது. அரிப்பினால் பிணைப்பு தளர, கற்கள் உதிர்ந்தன. எஞ்சிய மேற்பாறை விதானம்போல் கவிந்து நிற்கிறது.

நேரில் காண்போர் இதனைக் கற்கால மனிதரின் வீடு என்றே கருதுகின்றனர். ஆயினும், இந்தியத் தொல்லியல் துறை சார்பில் கே. டி. பானர்ஜி 1962-64இல் நடத்திய அகழாய்வில் குகைக்குள் கிடைத்த கருவிகள் குறைவே. எனவே நிலையான குடியிருப்பைவிடத் தற்காலிகத் தங்கலே பொருத்தமான விளக்கமாகிறது.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கண்டறிந்த அத்திரம்பாக்கமோ திறந்தவெளி வாழிடம். அங்குள்ள அச்சூலியன் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட காலக்கணிப்பு காட்டியது. அக்கருவிகளுக்கான குவார்ட்சைட் கற்களின் மூலம் அல்லிகுழித் திரள்பாறைகளே.

ஆகவே தொல்மனிதருக்கு இம்மலை அளித்த முதன்மைக் கொடை கூரையன்று, கல். குகையைக் குடைந்த அரிப்பே கருவிக்குரிய கல்லையும் விடுவித்தது. குகையை மட்டும் நினைவுச்சின்னமாகக் கொண்டு, சரிவில் சிதறிய கூழாங்கற்களைப் பொருட்படுத்தாது விட்டால், இம்மலைக்கும் மனிதருக்கும் இருந்த உறவின் முதன்மைச் சான்றையே இழப்போம்.